ஃபோர்லி

"அண்ணை, உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

ஏணிக்குக் கீழே நின்று சிநேகிதன் தவராஜா கேட்டான். கனகசபை மேலே நின்று சுவரிலிருந்த ரீவி சற்றலைட் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"முள்ளிவாய்க்காலிலை சனம் பங்கருக்குள்ளை கிடக்குது. இஞ்சை ஹேர்னிங் ரவுணிலை இருக்கிற தமிழாக்கள் எல்லாரும் ரீவிக்கு முன்னாலை கண் மூடாமல் இருக்கினம். நீங்கள் என்னடாவெண்டால் தட்டைக் கழட்டுறியள்!"

"வழக்கு முடிஞ்சுதெல்லே. விருப்பமில்லாதவை விலகலாம் எண்டு ரீவிக் கொம்பனி சொல்லிப்போட்டுது."

"விலகினால் காசு திரும்பி வரும், என்ன?"

"வரும்தான்."

"அக்கான்ரை கூடப்பிறந்த தம்பி அங்கை. உங்களுக்கு இஞ்சை காசு. நல்லாயிருங்கோ!"

தேத்தண்ணி குடிக்காமல் அந்த வீட்டுப் படி இறங்காதவன், படி ஏறாமலே போய்விட்டான்.

கனகசபைக்கு அது பெரிய நிம்மதி. அவன் உள்ளே போய் மனைவி சுசீலாதேவியோடு கதைத்துவிடுவானோ என்றுதான் இவ்வளவு நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு வேறொன்றுமில்லை. தமிழ்ச் செய்தி பார்க்க வேண்டுமென்றால் உதைபந்தாட்டப் பொதியையும் சேர்த்து வாங்கு என்று கொம்பனி எல்லார் தலையிலும் கட்டியது. போட்டிக்கு வேறு ஆளே வராதபடி ஆட்டங்களையெல்லாம் தானே வளைத்து வைத்திருந்தது. வாடிக்கையாளர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். பந்து உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத கனகசபையும் கையெழுத்து வைத்திருந்தார்.

நேற்றுப் பின்னேரம் அது முடிந்த செய்தியைக் கொம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மகள் மிதுஷா கத்தினாள்.

"அப்பா! ஃபோர்லி வந்திட்டுது!"

"அப்பிடியெண்டால்?"

டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. தமிழுக்குத் தடுமாறினாள். "அது... ரெண்டு பக்கமும் சமாதானமாப் போட்டினம். இனிச் சண்டை இல்லை."

குசினிக்குள் கோப்பை விழுந்து உடைந்தது.

சுசீலாதேவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "முருகா! சமாதானமோ? சிவானந்தன் தப்பிட்டானப்பா! என்ரை தம்பி தப்பிட்டான்!"

"நை, இல்லை அம்மா, இது ஃபுட்போல்..."

கனகசபை மகளின் காலை மிதித்தார்.

"ஓமோம். சமாதானம்தான்" என்றார்.

வாயில் வந்துவிட்டது. திங்கட்கிழமை அவளுக்கு இருதய ஒப்பரேசன். மனதை அலட்டாமல் வைத்திருங்கள், பிரஷர் ஏறினால் கத்தி வைக்கமாட்டோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளோ கிழமைக்கணக்காக ரீவிக்கு முன்னால், பிணங்களுக்குள் தம்பியின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவள் படுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு முன், சந்தோசக்காரன் போல் நடிக்கவேண்டுமே என்று கனகசபை ரெண்டாந்தரமும் சோறு போடச் சொல்லி, விழுங்க முடியாமல் விழுங்கினார்.

சொன்ன பொய்யைக் காக்கவேண்டும். விடிந்ததும் தட்டு இறங்கியது. "சமாதானம் வந்தபிறகு இனியேன் செய்தி?" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார். ரேடியோவின் பற்றரி அவருடைய சட்டைப் பைக்குள் போனது. ரெலிபோன் வயரைப் பிடுங்கி அலுமாரிக்குப் பின்னால் தள்ளினார். வாசலில் மணி அடித்தால் தானே முந்தி ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. தவராஜா. கண் இரண்டும் சிவந்திருந்தன.

கனகசபை வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"எல்லாம் முடிஞ்சுதாம் அண்ணை."

"மெல்லக் கதை. சிவானந்தன்?"

"ஒரு தகவலும் இல்லை. அக்கா எங்கை? அக்காவுக்குச் சொல்லவேணும்..."

"நாளைக்கு அவளுக்கு ஒப்பரேசனடா. சண்டை நிண்டு போச்சு, தம்பி தப்பிட்டான் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள். உன்னைக் கும்பிடுறன், போ."

தவராஜா சுவரில் தட்டு இருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தான். அவருடைய கையைப் பிடித்துவிட்டுப் போனான்.

திங்கள் காலை ஆஸ்பத்திரியில் சுசீலாதேவியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கனகசபை கூடவே நடந்தார்.

"நீங்கள் ஸ்ரீலங்காவோ?" என்று தாதி டேனிஷில் கேட்டாள். "காலமைச் செய்தியிலை..."

"இண்டைக்கு நல்ல வெயில்!" என்று கனகசபை கத்தினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

சத்திரசிகிச்சை அறை வாசலில் கட்டில் நின்றது. சுசீலாதேவி அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ. எனக்கு என்னவும் நடக்க முந்திச் சொல்லிப்போடுறன். தையல் பாக்டரியிலை எத்தினை வருஷமா யூனியனிலை இருக்கிறன்? சம்பளச் சண்டை முடிஞ்சால் வந்து சொல்லுற சொல்லுத்தான் ஃபோர்லி. மேசையிலை முடியிற சண்டைக்குத்தான் அந்தச் சொல். குண்டு போடுற சண்டைக்கு இவங்கள் வேறை சொல் வைச்சிருக்கிறாங்கள்."

கனகசபை கட்டிலோடு குனிந்தார். "அப்ப முருகா எண்டு கத்தினது?"

"ஒரு சொட்டு நேரம் நானும் நம்பித்தான் போனன். பிள்ளை ஃபுட்போல் எண்டு வாய் திறக்க விளங்கீட்டுது."

"பிறகேன் பேசாமல் இருந்தனீ?"

கதவு திறந்தது. கட்டில் நகரத் தொடங்கியது.

"எத்தினை நாளா நீங்கள் சோத்துத் தட்டிலை கையை வைச்சிட்டு எழும்பிப் போறதைப் பாத்துக்கொண்டிருந்தனான். அண்டைக்குத்தானே ரெண்டாந்தரமும் சோறு கேட்டனீங்கள்."