துடிக்கும் வரை

“வெரசா ஓட்டு மாப்ளே!” என்று கத்தினான் சோலைமலை.

போடிமெட்டு வளைவுகளில் மாரீஸ்வரன் ஜீப்பை விரட்டினான். பின்சீட்டில் அவனுடைய அக்கா ராமுத்தாய், ஏலக்காய் பறித்த கையைக்கூடக் கழுவாமல் புருசன் சோலைமலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்கு மேல வெரட்டுனா நாமதான் மச்சான் மொதல்ல போய்ச் சேருவோம்.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்றாள் ராமுத்தாய்.

“நம்ம பய நிலவனோட நெஞ்சுத் துடிப்பு கொறையுதாம். பாக்கணும்னா இப்பவே வாங்கன்னாங்க” என்றான் சோலைமலை.

அவள் அழவில்லை. மதுரை வரும்வரை விரலில் ஒட்டிய ஏலக்காய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

ஆய்வுக்கூட வாசலிலேயே டாக்டர் வித்யா காத்திருந்தாள்.

“நிலவன் குடுத்த தோல்ல இருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, இதயத் தசையா வளத்தோம்மா. மெல்லிசா இருந்தவரைக்கும் நல்லாத் துடிச்சுது. தடிச்சதும் உள்ள இருக்குற செல்லுக்குப் பிராணவாயு போகலை. அதுக்குள்ள ரத்தக்குழாய் வளக்க எங்களுக்கு இன்னும் கைவரலை.”

ராமுத்தாய் உள்ளே போய் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். ஒரு துடிப்பு தெரிந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதன்பிறகு எதுவும் அசையவில்லை.

நிமிர்ந்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தம்பி, ராசிங்காபுரத்துல இருக்குற நம்ம சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிடு. நிலவன் கருமாதிக்கு நாள் பாக்கணும்.”

வித்யா திகைத்தாள். “நிலவனை அடக்கம் பண்ணி ஒரு வருசமாச்சேம்மா... கருமாதி இன்னுமா வைக்கலை?”

“நெஞ்சு துடிச்சுக்கிட்டிருக்குற புள்ளைக்கு எப்படிம்மா வைக்கிறது?”