இடது பக்கம் நடப்பவள்

காலை ஆறரைக்குப் பால் காய்ச்சுகிறேன். ஒற்றை டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பிறகு டிவியைப் போட்டு அந்தப் பழைய வீடியோ கேமை ஓடவிடுகிறேன். சின்ன வயதில் கடைக் கண்ணாடி வழியே பார்த்து ஏங்கியது. போன வருடம் கொள்ளை விலைக்கு வாங்கினேன். ஆடிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. ஒரே காடு, ஒரே பாதை, மரங்கள்கூட ஒரே மரம்தான். என் மனைவியுடைய ஜாய்ஸ்டிக் வேறு கோளாறு, தானாக இடது பக்கம் இழுக்கும். இப்போது அது யாரும் தொடாமல் சோபாவில் அவள் இடத்தில் கிடக்கிறது. திரையில் என் ஆள் நிற்கிறான். அவளுடைய சிவப்புச் சட்டைக்காரி மட்டும் மெல்ல நடந்து திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறாள். காலடிச் சத்தம் மட்டும் இடது ஸ்பீக்கரில், சமையலறைப் பக்கம், கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அவள் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

"இந்தக் குப்பைய இன்னும் தூக்கிப் போடலையா மாமா? அக்கா அப்பவே தலையில அடிச்சுக்கிட்டா." ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஆட்டிப் பார்க்கிறான். "உள்ள தூசிதான். ரெண்டே நிமிஷம், நிக்க வச்சிடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும்."

ஸ்க்ரூ டிரைவரோடு அவன் கை நிற்கிறது. சமையலறையைத் திரும்பிப் பார்க்கிறான்.

"உள்ள யாரு மாமா நடக்கறா?"

ஜாய்ஸ்டிக்கை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். அன்று தண்ணீர் குடிக்க எழுந்தவளும் இதை இங்கேதான் வைத்துவிட்டுப் போனாள். சமையலறையிலேயே விழுந்தாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் சொன்னது இதுதான்: "என் ஆளைக் கொஞ்சம் புடிச்சு வச்சுக்கோ. விட்டா அவ பாட்டுக்குப் போயிடுவா."