தள்ளிக்கொண்டு போன பைக்

சென்றாயன் தன் பழைய பைக்குக்கு அகலமான டயரும் அலறுகிற சைலன்சரும் மாட்டினான்.

"ஊரே உன்னைத் திரும்பிப் பார்க்குது!" என்று பெருமையடித்தது புது சைலன்சர்.

"பார்க்குது. ஆனா மேடு வந்தா மூச்சு வாங்குது. எவ்வளவு பெட்ரோல் போட்டாலும் பத்தல," என்றது பைக்.

முன்பெல்லாம் ஒருமுறை டேங்கை நிரப்பினால் மலைக்குப் போய்த் திரும்பிவிடும். வழிநெடுக அவன் மனைவி மாதம்மாள் பின்சீட்டில் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். சென்றாயன் விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது இந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் பெட்ரோல் தீர்ந்து பைக் நின்றுவிட்டது. சைலன்சருக்கு மானமே போயிற்று. சென்றாயன் இறங்கித் தள்ள, மாதம்மாள் பின்னாலிருந்து கைகொடுத்தாள்.

"ஏங்க, கல்யாணமான புதுசுல இங்கதானே செயின் அறுந்துச்சு?"

"ஆமா! நீ செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தியே!"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று பைக் நினைத்துக்கொண்டது.

"அதோ, பங்க் தெரியுது!" என்றது சைலன்சர்.

"கொஞ்சம் சும்மா இரு," என்ற பைக், பங்க் இன்னும் தூரமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது.