நாலோடு நின்றது

“நாலு” என்று ஜூட் எண்ணியபோது அஸ்கா கையைத் தூக்கிவிட்டாள்.

“நிப்பாட்டு!”

மூன்று ஜூட்டின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

முந்தல் ஊரில், இறாலுக்கு நோய் விழுந்த பிறகு அவளுடைய வாப்பாவின் தம்பியான சாச்சா கைவிட்ட இறால் வளர்ப்புக் குளம் அது. காய்ந்து வெடித்த அதன் நடுவே, இரும்புச் சட்டத்தில் பூட்டிய ரொக்கட் இயந்திரம் வெண்புகை கக்கிக்கொண்டிருந்தது. கரைமேட்டுக்கு இந்தப் பக்கம், மணல் மூட்டைகளுக்குப் பின்னால், பொறியியல் மாணவர்கள் ஒன்பது பேர். அஸ்கா அவர்களுக்குத் தலைவி.

பறக்கவிடுவதற்கு முன் இயந்திரத்தைத் தரையில் வைத்தே எரித்துப் பார்க்கும் நாள். எட்டு விநாடி எரிந்தால் போதும். அந்த எட்டு விநாடிக்காக இரண்டு வருடம் மாய்ந்து மாய்ந்து உழைத்திருந்தார்கள்.

ஜூட் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். “என்னக்கா இது? ஒட்சிசன் எல்லாம் ஆவியாப் போகுது. இனி அடுத்த மாசம்தான்!”

அவன் சொன்னது சரி. கொழும்பிலிருந்து உறைகுளிரில் கொண்டுவந்த திரவ ஒட்சிசன் யாருக்காகவும் காத்திருக்காது.

“அழுத்தமானி ஆடின மாதிரி இருந்திச்சு” என்றாள் அஸ்கா. “கழட்டிப் பார்க்கோணும்.”

“மாதிரியா?”

அவள் ஒட்சிசனை வெளியே விடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

ஒட்சிசன் முழுதும் வெளியேற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதுவரை வெயிலில் யாரும் அவளோடு கதைக்கவில்லை. கழற்றிப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால், இனி அவள் சொல்லை ஒருவரும் மதிக்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரிந்தேயிருந்தது.

நௌஃபர் மட்டும் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவளோடு ஒரே வகுப்பு. குழாய் வேலை முழுதும் அவன் பொறுப்பு. மே மாதம் அவன் பூட்டிய எரிபொருள் தாங்கி வெடித்த பிறகு, அவனை அணியிலிருந்து எடுக்கச் சொல்லிப் பலர் ஒற்றைக் காலில் நின்றார்கள். அஸ்கா மசியவில்லை.

“எங்கேருந்து தொடங்குவம்?” அவள் அவனைத்தான் கேட்டாள்.

அவன் வால்வுக்குக் கீழே இருந்த மூட்டில் கையை வைத்தான்.

கழற்றியபோது உள்ளே கசிவடைக்கும் வளையத்தின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. ஜூட் விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

தேங்காயெண்ணெய்.

ஒட்சிசன் ஓடும் குழாய்க்குள் ஒரு சொட்டு எண்ணெய் போதும். வால்வு திறந்த கணமே அது குண்டு. அவர்கள் நின்ற தூரத்துக்கு மணல் மூட்டைகள் போதாது.

ஜூட் அப்படியே குந்திவிட்டான். “ஆரு இதைப் பூட்டினது?”

“கடைசியாப் பார்த்துக் கையெழுத்து வச்சது நான்” என்றாள் அஸ்கா. “என்ட பிழை.”

ஜூட் எண்ணெய் பட்ட விரலை மண்ணில் துடைத்தான். பிறகு எழுந்துபோய் அழுத்தமானியின் கண்ணாடியில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தான். “நீதானடா எங்கட உயிரைக் காப்பாத்தினது!”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாமான்களை லொறியில் ஏற்றும்போது நௌஃபர் மடிக்கணினியோடு அவளிடம் வந்தான். திரையில் மானியின் பதிவு. எண்ணத் தொடங்கியதிலிருந்து நாலு வரைக்கும், வரைந்து வைத்ததுபோல நேர்கோடு.

“இது ஆடவே இல்லியே அஸ்கா.” அவன் கோட்டைத் தொட்டுக் காட்டினான். “வளையம் ஏறல்லண்டு காலைல நான்தான் எண்ணெய்... பத்து எண்ணக்குள்ள ஞாபகம் வந்திச்சு. வாயத் திறக்க ஏலாமப் போயிட்டு.”

அவள் மடிக்கணினியை மூடி அவன் கையிலேயே கொடுத்தாள்.

“மானிய ஆரு பார்த்த? நான் ஒன்ட மொகத்தத்தான் பார்த்துட்டிருந்தன்.”