நாற்பதைத் தாண்டாத கார்

"பெட்ரோல் தண்ணியாப் போகுது. ஸ்போர்ட் மோடு போட்டு ஓட்டுறியா?"

வங்கி மேலாளர் கேட்டதும் டிரைவர் தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் மேடு ஏறும்போது, லாரியை முந்தும்போது போடுறது சார். நான் தொட்டதே இல்ல."

மனைவியிடம் விசாரித்தார். அவர் ஓட்டும்போது வேகமானி முள் நாற்பதைத் தொட்டாலே அலறுகிறவள் அவள்.

"தங்கமான பிள்ளை. அவனைப் போட்டுக் குடையாதீங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்களே! சந்தேகம் வலுத்தது. மறுநாள் அவள் கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, புறவழிச்சாலை முனையில் ஒளிந்து நின்றார்.

லாரியை முந்திச் சீறி வந்த கார், சிக்னலில் கிறீச்சிட்டு நின்றது. பாய்ந்துபோய் எட்டிப் பார்த்தார்.

பின்சீட்டில் கண்ணை இறுக மூடியிருந்த டிரைவர், மெல்லத் திறந்தான்.

"நான் தொடலைன்னு சொன்னேனே சார்!"

"பச்சை விழுந்துடுச்சு, தள்ளி நில்லுங்க!" என்றாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவி.