அறுபத்தெட்டில் ஒருத்தி

"என் பொண்ணுக்குக் காது கேக்கலை டீச்சர். உங்களுக்குக் கண்ணுமா தெரியலை?"

தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மா கேட்டாள். கையில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுந்து நின்றாள்.

"பத்து மாசமா உங்க வகுப்புலதானே உட்கார்ந்திருக்கா. மாசம் தவறாம 'கவனம் இல்லை'ன்னு எழுதி அனுப்புனீங்களே, ஏன் இல்லைன்னு ஒரு நாளாவது பக்கத்துல போய்ப் பார்த்தீங்களா? நீங்க எழுதினதை நம்பி நான் அவளை அடிச்சேன்."

அந்த அம்மா ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள்.

"வகுப்புல அறுபத்தெட்டுப் பேரும்மா. இவ கடைசி பெஞ்சு..." என்று இழுத்தார் தலைமை ஆசிரியை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு காதையாவது காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றார். வீட்டுல முகத்தைப் பார்த்துப் பேசறோம், வாயசைவை வெச்சே பதில் சொல்லிட்டா, எங்களுக்குத் தெரியலை. படிச்ச உங்களுக்குமா? கூட்டம் ஜாஸ்தின்னா வகுப்பை ரெண்டாப் பிரிச்சுக் குடுங்கன்னு மேல எழுதிக் கேக்க வேண்டியதுதானே? கையில என்ன சுளுக்கா?"

தலைமை ஆசிரியைக்குச் சுருக்கென்றது. இந்த டீச்சரா எழுதாமல் இருந்தாள்? மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் 'பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை' என்று கல்வி ஆபீசிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் கடிதங்களை எடுக்க மேஜை டிராயரைத் திறந்தார்.

டீச்சர் கை நீட்டி டிராயரை மூடினாள்.

"நான் எழுதலைம்மா. தப்பு என்னோடதுதான்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் நேத்து இந்த ரிப்போர்ட்டைப் படிச்சதுலேர்ந்து வாயே திறக்கலை. பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை. நீங்க நல்லா இருங்க டீச்சர்."

வயிறு எரியச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியைக்கு வந்ததே கோபம்.

"உனக்கென்ன பைத்தியமா? எழுதி எழுதித் தேய்ஞ்சுட்டு, எழுதலைன்னு சொல்றே. கடிதத்தைக் காட்டியிருந்தா, யாரைத் திட்டணுமோ அவனைப் போய்த் திட்டியிருப்பா."

"அதுக்குப் பயந்துதான் மேடம் காட்டலை." டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்வி ஆபீசுலேர்ந்து வந்த மூணு பதில்லயும் கையெழுத்துப் போட்டது அந்தம்மாவோட வீட்டுக்காரர். மார்க் ஷீட்டுலயும் மாசாமாசம் அதே கையெழுத்தைத்தானே பார்க்கிறேன். எந்த ஸ்கூல்னுகூடப் படிக்காம கட்டுக்கட்டாப் போட்டிருப்பார். அந்தப் பொண்ணுக்குக் காதுதான் போச்சு. வீடாவது இருக்கட்டும் மேடம்."