கருகிய ஜாடிகள்

தம்பிதுரையின் இரும்புத்தடி நந்திதாவின் தோளில் இறங்கியது. ஆலிவ் திசுக்களில் புது மரபணுவை ஏற்றும் அவளுடைய கோவை ஆய்வகத்தை நொறுக்க, ஆட்களோடு வந்திருந்தான்.

"நகருங்க அம்மணி. மரபணு மாத்துனது ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதுன்னு உத்தரவுங்க."

பச்சைப்பசேலென்று கன்றுகள் நின்ற ஜாடிகளை அவள் கட்டிக்கொண்டாள். "என்னைக் கொன்னுபோட்டாலும் இதைத் தரமாட்டனுங்க."

அவள் நெற்றியைப் பிளந்துவிட்டு, அந்தப் பச்சை ஜாடிகள் அத்தனையையும் உடைத்தார்கள்.

ஆட்களில் ஒருவன் மூலையைக் காட்டினான். "அண்ணா, உள்ள திசு கருகிக் கெடக்குற அந்த ஜாடிங்க?"

"அது செத்துப்போச்சுடா. அம்மணியே வெச்சுக்கட்டும்."

அவர்கள் போனதும் நந்திதா ரத்தத்தைத் துடைத்தாள். உடைந்தவை, ஒப்பிட்டுப் பார்க்க வளர்த்த சாதாரணக் கன்றுகள். கருகிய ஜாடிகளில் கலந்திருந்த மருந்து, புது மரபணு ஏறாத திசுவையெல்லாம் கருக்கிவிடும். ஏறியது மட்டுமே பிழைக்கும்.

கருகிய ஜாடி ஒன்றை விளக்கருகே தூக்கிப் பார்த்தாள். உள்ளே, கடுகளவு பச்சை துளிர்த்திருந்தது.